மசோதா எங்கே நிற்கிறது? கலிஃபோர்னியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தீபாவளி கலிஃபோர்னியாவில் அரசு விடுமுறை ஆகிவிட்டது என்று 2025 அக்டோபரில் செய்தி வந்ததும் எங்கள் வாட்ஸ்அப் குழு அமளிதுமளிப்பட்டது. "இனிமே லீவு கேட்டு மேனேஜர்கிட்ட போய் நிக்க வேண்டாம்" என்று ஒருவர் போட்டார். வரிசையாகக் கைதட்டல், மத்தாப்பு. ஏ.பி. 268 என்ற அந்த மசோதாவை யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் புரிந்திருக்கும்: மாநில அரசு ஊழியர் விரும்பினால் அன்று விடுப்பு எடுத்துக்கொள்ளலாம், பொதுப் பள்ளிகளும் சமுதாயக் கல்லூரிகளும் விரும்பினால் மூடலாம், தனியார் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த ஒரு வரிகூட இல்லை. ஆக, மேனேஜரிடம் போய் நிற்கத்தான் வேண்டும்.

இத்தனைக்கும் அது யாருக்கும் தெரியாமல் வந்த சட்டமல்ல. அந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்தே, ஒவ்வொரு திருத்தத்தோடும் ஒவ்வொரு ஓட்டோடும் இணையத்தில் கிடந்தது.

நம் ஊர்ச் சட்டமன்றத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் புதுசு. 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைகள் திருத்த மசோதா நினைவிருக்கும். 2023 ஏப்ரல் 21 அன்று சென்னையில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அங்கே மசோதா நிறைவேறிய பிறகுதான் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிய வருகிறது, போராட்டமும் அதற்கப்புறம்தான். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்து, மசோதா ஆளுநர் மேஜைக்குப் போன பிறகு கையெழுத்து இயக்கம் நடத்துகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே ஒரு மசோதாவின் தலையெழுத்து பெரும்பாலும் கமிட்டியில், ஏப்ரல் மே மாதங்களிலேயே எழுதப்பட்டுவிடும். அந்த நேரத்தில் நீங்கள் எட்டிப் பார்க்க வேண்டும். கதவு திறந்தேதான் இருக்கிறது.

முதலில், உங்கள் இரண்டு பேர் யார்?

அசெம்ப்ளியில் 80 பேர், செனட்டில் 40 பேர். உங்கள் வீட்டு முகவரிக்கு ஒவ்வொரு அவையிலும் ஒருவர் உண்டு. சட்டமன்றத்தின் தளத்தில் முகவரியைத் தட்டினால் இரண்டு பெயரும் வந்துவிடும். இவர்களை வாஷிங்டனில் இருக்கும் செனட்டரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். விசா, கிரீன் கார்டு எதுவும் இவர்கள் கையில் இல்லை. வாடகை, பள்ளிக்கூடம், வேலையிட உரிமை, இன்சூரன்ஸ் விதிகள், டாக்டர் நர்ஸ் லைசென்ஸ் இவையெல்லாம் இவர்கள் கையில்.

இருவரும் எந்தெந்தக் கமிட்டியில் இருக்கிறார்கள் என்று குறித்து வையுங்கள். நீங்கள் கவனிக்கும் மசோதா போகிற கமிட்டியில் உங்கள் தொகுதிக்காரர் உட்கார்ந்திருந்தால், உங்கள் கடிதத்துக்கு மதிப்பே வேறு.

"நான் எச்-1பி, எனக்கு ஓட்டே கிடையாதே" என்று தயங்குகிறவர்களுக்கு: கடிதம் அனுப்பவோ கமிட்டி முன்னால் பேசவோ குடியுரிமை கேட்பதில்லை. தொகுதியில் குடியிருக்கிறேன், இந்தச் சட்டம் என்னைத் தொடுகிறது என்று எழுதினால் போதும்.

ஒரு பொருள், ஐந்தாறு மசோதா

ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் மசோதாக்கள் வருகின்றன. எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் ஒரே வாரத்தில் கைவிட்டுவிடுவீர்கள். உங்கள் வாழ்க்கையைத் தொடும் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். நான் வாடகை வீட்டுக்காரன், அதனால் வாடகை.

அரசின் சட்டத் தகவல் தளத்துக்கு எல்லோரும் வைத்திருக்கும் செல்லப்பெயர் லெஜின்ஃபோ. அங்கே தேடுசொல் கொடுத்தால் பட்டியல் வரும். ஏ.பி. என்று தொடங்கினால் அசெம்ப்ளியில் பிறந்தது, எஸ்.பி. என்றால் செனட்டில் பிறந்தது. (முதல் வருஷம் "எஸ்.பி. வருது" என்று நண்பர் சொன்னபோது எனக்குக் காக்கிச் சட்டைதான் கண்ணில் தெரிந்தது.) ஏ.சி.ஆர்., எஸ்.சி.ஆர். என்பவை தீர்மானங்கள், பெரும்பாலும் பாராட்டு, நினைவு நாள், மரபு மாதம் இந்த மாதிரி. அவற்றால் யாருடைய வாடகையும் குறையாது.

தளத்தில் ஒரு கணக்குத் திறந்து, மசோதாவின் பக்கத்தில் 'ட்ராக் பில்' அழுத்திவிட்டால் மாற்றம் வரும்போதெல்லாம் மின்னஞ்சல் வரும். செலவு ஒன்றுமில்லை.

மசோதா தாக்கல் செய்யக் கடைசி நாள் பிப்ரவரி மூன்றாவது வாரத்தை ஒட்டி வரும். கடைசி இரண்டு மூன்று நாளில் அடைமழை மாதிரி கொட்டும். அவற்றில் பல வெறும் கூடு: ஒரு சட்டப் பிரிவில் ஒரு காற்புள்ளியை மாற்றுவதாகச் சொல்லி எண் வாங்கி வைத்துவிட்டு, உண்மையான சரக்கை மார்ச்சில் உள்ளே ஏற்றுவார்கள். இவற்றை 'ஸ்பாட் பில்' என்பார்கள். அதனால் பிப்ரவரியில் தேடியதோடு நிறுத்தாமல் மார்ச் கடைசியில் இன்னொரு முறை தேடுங்கள்.

படிக்க வேண்டியது எது, தாண்டிப் போக வேண்டியது எது

மசோதாவின் தலையில் சட்டமன்றத்தின் வழக்கறிஞர் அலுவலகம் எழுதிய ஒரு சுருக்கம் இருக்கும். "இப்போதுள்ள சட்டம் இப்படிச் சொல்கிறது, இந்த மசோதா இப்படி மாற்றும்" என்ற அமைப்பில் போகும். அதைப் படித்தாலே பாதி வேலை முடிந்தது.

அந்தச் சுருக்கத்தின் அடியில் சின்னதாக ஒரு வரி இருக்கும். புதியவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. நான் முதலில் பார்ப்பதே அதைத்தான். நான்கு விவரங்கள்: எத்தனை ஓட்டு வேண்டும், நேரடி நிதி ஒதுக்கீடு உண்டா, நிதிக் கமிட்டிக்குப் போகுமா, உள்ளாட்சிகளுக்குச் சுமை உண்டா. மூன்றாவதில், அதாவது 'ஃபிஸ்கல் கமிட்டி' என்ற இடத்தில், 'யெஸ்' என்று இருந்தால் இந்த மசோதா அப்ரோப்ரியேஷன்ஸ் கமிட்டி என்ற கண்டத்தைத் தாண்டியாக வேண்டும். அது எப்படிப்பட்ட கண்டம் என்று பிறகு சொல்கிறேன். முதல் இடத்தில் வெறும் பெரும்பான்மை என்றிருந்தால் அசெம்ப்ளியில் 41, செனட்டில் 21 ஓட்டு போதும். அவசரச் சட்டமாக உடனே அமலுக்கு வர வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு.

திருத்தப்பட்ட மசோதாவில் புதிதாகச் சேர்த்தது நீலச் சாய்வெழுத்தில் இருக்கும், நீக்கியது சிவப்பில் குறுக்கே கோடு போட்டு இருக்கும். இங்கே ஒரு வழுக்கல் உண்டு. அந்த நிறங்கள் முந்தைய பதிப்போடு ஒப்பிட்டுக் காட்டுபவை. இன்று அமலில் உள்ள சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க 'டுடேஸ் லா ஆஸ் அமெண்டட்' என்ற தனித் தாவல் இருக்கிறது. நான் ஒரு வருஷம் முழுக்க இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, நண்பர்களுக்கு வேறு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கமிட்டி: போவதற்கு முன்

தாக்கல் ஆன மசோதாவை முப்பது நாள் வரை எந்தக் கமிட்டியும் எடுக்கக் கூடாது. பட்ஜெட் மசோதாவுக்கு மட்டும் விலக்கு. மாநில அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது இது. விதியைத் தள்ளிவைக்க நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். நாம் மசோதாவைப் படித்து, யோசித்து, நாலு பேரிடம் பேசுவதற்கான அவகாசம் இந்த முப்பது நாள்தான்.

அதன்பிறகு அது பொருளுக்கேற்ற கமிட்டிக்குப் போகும்: வீட்டுவசதி, கல்வி, நீதி, சுகாதாரம் என்று. ஹியரிங் (கமிட்டி மசோதாவை எடுத்துப் பேசி ஓட்டுப் போடும் அமர்வு) தேதி அந்தந்த அவையின் 'டெய்லி ஃபைல்' என்ற தினசரிப் பட்டியலில் வரும். முதல் கமிட்டிக்குக் குறைந்தது 4 நாள் முன்பும், அடுத்த கமிட்டிக்கு 2 நாள் முன்பும் அறிவிக்க வேண்டும் என்பது விதி. விதியைத் தளர்த்தும் அதிகாரமும் அவர்களிடமே இருப்பதால் தினமும் காலையில் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்பதற்காக வண்டியைக் கிளப்பிவிடாதீர்கள். வாடகை மசோதா ஒன்றுக்காக லீவு போட்டு, ஃப்ரீமாண்டிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு, புளிசாதப் பொட்டலத்தோடு தலைநகர் சாக்ரமெண்டோ போனேன். அறை வாசலில் ஒட்டியிருந்த தாளில் என் மசோதாவின் மேல் ஒரு கோடு. 'மசோதாவின் ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் ஹியரிங் ரத்து.' ஓட்டு போதாது என்று தெரிந்தாலோ, திருத்தம் பேசி முடியவில்லை என்றாலோ மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினர் இப்படி ஒத்திப்போடுவது சாதாரணம். முந்தின நாள் மாலை அவருடைய அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். போனை எடுக்கும் உதவியாளர்கள் பெரும்பாலும் பொறுமையாகப் பதில் சொல்லுகிற சின்னப் பிள்ளைகள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஹியரிங்குக்கு ஓரிரு நாள் முன்னால் கமிட்டி ஊழியர்களின் பகுப்பாய்வு லெஜின்ஃபோவில் ஏறும். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். மசோதா என்ன செய்கிறது, ஏன், முன்பு இதே மாதிரி வந்தவை என்ன ஆயின, யார் ஆதரவு, யார் எதிர்ப்பு, என்ன திருத்தம் செய்யலாம் என்று எல்லாம் அதில் இருக்கும். ஊழியர்கள் மரியாதையான மொழியில்தான் எழுதுவார்கள். "கமிட்டி இதைப் பரிசீலிக்க விரும்பலாம்" என்று ஒரு பத்தி தொடங்கினால், அங்கே ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

அந்த ஆதரவு, எதிர்ப்புப் பட்டியலில் உங்கள் பெயரோ சங்கத்தின் பெயரோ வர வேண்டுமானால் கடிதம் முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். கமிட்டிக்குக் கமிட்டி கெடு மாறும். பெரும்பாலும் ஒரு வாரம் முன்னால். கடிதம் அனுப்ப இணையத்தில் தனி நுழைவாயில் இருக்கிறது. கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். முதல் வரியிலேயே மசோதா எண், எந்தத் தேதிப் பதிப்பு, ஆதரவா எதிர்ப்பா என்று வந்துவிட வேண்டும். 'திருத்தினால் ஆதரவு' என்றும் நிலை எடுக்கலாம். எந்த வரியை எப்படித் திருத்த வேண்டும் என்று சொல்லும் கடிதத்தைத்தான் ஊழியர்கள் இரண்டாம் முறை படிப்பார்கள். யாரோ எழுதித் தந்த வாசகத்தை நூறு பேர் அப்படியே ஒட்டி அனுப்பினால் எண்ணிக்கைக்கு உதவும், அவ்வளவுதான்.

கமிட்டி: அறைக்குள்ளே

ஹியரிங் கேபிட்டல் கட்டடத்திலோ பக்கத்தில் 1021 ஓ ஸ்ட்ரீட்டில் உள்ள அலுவலகக் கட்டடத்திலோ நடக்கும். எந்தக் கட்டடம், எந்த அறை என்று இரண்டு முறை பாருங்கள். வாசலில் விமான நிலையம் மாதிரி சோதனை உண்டு.

மசோதாக்காரர் முதலில் பேசுவார். பிறகு ஆதரவாக முக்கிய சாட்சிகள், வழக்கமாக இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம். அப்புறம் மைக் முன்னால் வரிசை. அந்த வரிசையில் நிற்பவர் சொல்ல வேண்டியது பெயர், ஊர் அல்லது அமைப்பு, ஆதரவா எதிர்ப்பா. அவ்வளவுதான். நான் நின்ற ஒரு வரிசையில் எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா, எழுதி வைத்த இரண்டு பக்கத்தைப் பிரித்து, "நான் பதினெட்டு வருஷமா அதே வீட்ல..." என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். "பெயரும் நிலைப்பாடும் மட்டும், தயவுசெய்து" என்றார் தலைவர். அம்மா தாளை மடித்தார், "ஆதரவு" என்றார், நகர்ந்தார். கதை சொல்ல வேண்டும் என்றால் முக்கிய சாட்சியாக வர வேண்டும். அதற்கு மசோதாக்காரரின் அலுவலகத்தோடு முன்பே பேசி வைக்க வேண்டும். எதிர்ப்புத் தரப்பிலும் இப்படியே. அதற்குக் கமிட்டி அலுவலகத்தில் சொல்லி வைக்க வேண்டும்.

கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்தே தொலைபேசியில் பேச முடிந்தது. அந்த வசதி போய்விட்டது. பார்ப்பதற்கு மட்டும் நேரடி ஒளிபரப்பு இருக்கிறது. 2016-இல் மக்கள் ஓட்டில் வென்ற 54-ஆம் பிரேரணைப்படி எல்லாப் பொது அமர்வுகளின் பதிவும் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற வேண்டும். மூன்று மணி நேர வீடியோவை உட்கார்ந்து பார்க்க முடியாதவர்களுக்கு, கால்மேட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் டிஜிட்டல் டெமாக்ரசி தளத்தில் யார் என்ன பேசினார் என்பது எழுத்தாகவே கிடைக்கிறது.

ஓட்டைப் பார்க்கும்போது இன்னொன்று. இங்கே வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது, மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். ஆகவே ஓட்டே போடாமல் மௌனமாக இருந்தாலும் அது எதிர்ப்பு ஓட்டுக்குச் சமம். யாரையும் பகைக்காமல் மசோதாவைக் கொல்ல இது சௌகரியமான வழி. பட்டியலில் 'ஓட்டுப் பதிவாகவில்லை' என்ற பகுதியில் உங்கள் தொகுதிக்காரர் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

சஸ்பென்ஸ் ஃபைல்

பெயர் நான் வைத்ததல்ல. அரசுக்கு ஆண்டுக்கு 1,50,000 டாலருக்கு மேல் செலவு வைக்கும் மசோதாக்களை அப்ரோப்ரியேஷன்ஸ் கமிட்டி தனியே எடுத்து வைத்துவிடும். செனட்டில் பொது நிதியிலிருந்து என்றால் 50,000 டாலருக்கு மேலேயே. இவ்வளவு பெரிய மாநிலத்துக்கு இது சில்லறைக் காசு. ஆகவே முக்கியமான மசோதாக்களில் ஏராளம் இந்த வலையில் விழும்.

ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதத்திலும் ஆகஸ்ட்டிலும், நூற்றுக்கணக்கானவற்றின் முடிவை ஒரே அமர்வில் அறிவிப்பார்கள். சாட்சி கிடையாது, விவாதம் கிடையாது. தலைவர் எண்ணைப் படிக்கிறார், முடிவைப் படிக்கிறார், அடுத்த எண். கோயிலில் அர்ச்சனைச் சீட்டுப் பெயர்களை வாசிக்கிற வேகம். 'டூ பாஸ்' என்றால் பிழைத்தது. 'ஹெல்ட்' என்றால் அங்கேயே முடிந்தது. ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆறு மாதம் உழைத்த மசோதா இரண்டு விநாடியில் போய்விடும். எதிர்த்து ஓட்டுப் போட்டவர் என்று ஒருவர் பெயரும் பதிவில் இருக்காது. எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் மரியாதை கிடையாது. ஆனால் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டுதான் வேலை செய்ய வேண்டும். உங்கள் மசோதா அங்கே போனால், அறிவிப்பு நாளுக்கு இரண்டு வாரம் முன்பே அந்தக் கமிட்டித் தலைவருக்கும் உங்கள் தொகுதிக்காரருக்கும் செலவைப் பற்றி எழுதுங்கள். அந்த இடத்தில் நியாயத்தை விடச் செலவுக் கணக்குதான் பேசும்.

எஸ்.பி. 403 சொல்லித் தந்தது

சாதிப் பாகுபாட்டைத் தடை செய்ய செனட்டர் ஆயிஷா வஹாப் 2023-இல் கொண்டுவந்த மசோதா இது. நம் வீடுகளில் எல்லாத் தரப்பிலும் சூடாகப் பேசப்பட்டது என்பதால், ஒரு மசோதா நடந்த பாதையைப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் நமக்கு இல்லை.

ஏப்ரல் 25 அன்று செனட் நீதிக் கமிட்டியில் ஹியரிங். ஆதரவாகவும் எதிராகவும் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து வரிசையில் நின்றார்கள். மே 11 அன்று செனட்டில் 34–1. ஜூலையில் அசெம்ப்ளி நீதிக் கமிட்டியில் ஒரு முக்கியமான திருத்தம்: சாதி தனி வகையாக இல்லாமல், ஏற்கெனவே சட்டத்தில் இருக்கும் 'மூதாதையர் வழி' என்ற வகையின் விளக்கத்துக்குள் போனது. அதற்குப் பிறகும் ஏப்ரல் பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தரப்பும் மாதக்கணக்கில் சண்டை போட்டதை நான் பார்த்தேன். பேசியவர்களில் பாதிப் பேர், இல்லாத வாசகத்துக்காக வாதாடிக்கொண்டிருந்தார்கள். கடிதத்தில் பதிப்புத் தேதியைப் போடச் சொன்னது இதனால்தான்.

ஆகஸ்ட் 28 அன்று அசெம்ப்ளியில் 50–3. இரண்டாம் அவை திருத்தியிருந்ததால் மறுபடி செனட்டின் ஒப்புதல் வேண்டும். செப்டம்பர் 5 அன்று அதுவும் 31–5 என்று முடிந்தது. இத்தனைக்கும் பிறகு அக்டோபர் 7 அன்று ஆளுநர் கவின் நியூசம் ரத்து செய்தார். இப்போதுள்ள வகைகளிலேயே சாதிப் பாகுபாடு தடை செய்யப்பட்டிருக்கிறது, ஆகவே தேவையில்லை என்பது அவர் எழுதிய காரணம். 'மூதாதையர் வழி' என்ற ஜூலைத் திருத்தத்தையும் இந்தக் காரணத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள்.

நம் ஊர் ஆளுநர் மாதிரி மசோதாவைக் கிடப்பில் போட இங்கே வழியில்லை. சாதாரணமாக 12 நாள். கூட்டத்தொடர் முடிவில் வந்து குவிபவற்றுக்கு 30 நாள். அதற்குள் கையெழுத்தும் போடாமல் ரத்தும் செய்யாமல் விட்டால் தானாகவே சட்டமாகிவிடும். ரத்தை மீற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் அதைச் செய்து காட்டவில்லை.

பக்கவாட்டுக் கதவுகள்

ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் ஒரு விசித்திரம் நடக்கும். மீன்வளம் பற்றிய மசோதா ஒன்று ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுவசதி மசோதா ஆகிவிடும். எண் அதேதான், குடலை உருவிவிட்டு வேறு அடைத்திருப்பார்கள். நமக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, கடைசி வாசகம் 72 மணி நேரம் இணையத்தில் இருந்த பிறகே நிறைவேற்ற முடியும் என்ற விதி. இதுவும் அந்த 54-ஆம் பிரேரணை தந்தது. அந்த இரண்டு வாரம் மட்டும் உங்கள் தேடுசொல்லை ஒருநாள் விட்டு ஒருநாள் தட்டிப் பாருங்கள்.

ஜூன் 15 பட்ஜெட் கெடுவை ஒட்டி வரும் 'ட்ரெய்லர் பில்' இன்னொன்று. பட்ஜெட்டோடு ஒட்டி வருவதால் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேறி உடனே அமலுக்கு வரும். வழக்கமான கமிட்டிப் பாதை பலவற்றுக்கு இல்லை.

முதலாம் ஆண்டில் தேங்கிய மசோதா உடனே செத்துவிடாது. கூட்டத்தொடர் இரண்டு ஆண்டுக்கானது என்பதால் அடுத்த ஜனவரியில் எழுந்து வரலாம். ரத்தானதும் தோற்றதும்கூட வேறு எண்ணில், வேறு ஒருவர் பெயரில் திரும்பும். நீங்கள் ட்ராக் செய்துவைத்த எண் அப்போது உதவாது. அதனால் லெஜின்ஃபோவின் விரிவான தேடலில் சட்டத் தொகுப்பையும் பிரிவு எண்ணையும் கொடுத்துத் தேடப் பழகுங்கள். வேலையிடப் பாகுபாடு பற்றிய வரையறைகள் அரசுச் சட்டத் தொகுப்பின் 12926-ஆம் பிரிவில் இருக்கின்றன. யார், எந்த எண்ணில், என்ன தலைப்பில் வந்தாலும், அந்த வரையறைகளில் கைவைக்க வேண்டுமானால் அந்தப் பிரிவைத் தொட்டாக வேண்டும். என் நாட்காட்டியில் பிப்ரவரி கடைசி வாரத்திலும் மார்ச் கடைசி வாரத்திலும் நான்கு பிரிவு எண்கள் எழுதியிருக்கின்றன. தட்டிப் பார்க்க இருபது நிமிடம் ஆகும்.